திருடனுக்கு யார் குரல்

என் நாத்தனாரை வீட்டில் எல்லாரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம். பெயர் வைத்த புண்ணியவான் அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர். பேசப் பழகிய வயதிலேயே தபால்காரர் குரலில் "அம்மா, தபால்!" என்று கத்தி, அடுப்பில் பால் பொங்கப் பொங்க அம்மாவை வாசலுக்கு ஓட வைத்தவள் அவள். நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் ஒருநாள் சமையலறையில் நின்றுகொண்டிருக்கிறேன், கூடத்திலிருந்து என் குரலே கேட்கிறது. "மாமா, டீ ஆறிப்போகுது. அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்டிப் பார்த்தால் ரேடியோ காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் அவ்வளவு அதட்டலாகவா பேசுகிறேன் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

பிறகு அந்தக் கூத்தே அவளுக்குப் பிழைப்பாகிவிட்டது. போனில் காசு கட்டிக் கேட்கிறார்களே, ஒலிப்புத்தகங்கள், அவற்றை வாசிப்பது அவள் வேலை. கேட்பதற்குச் சொகுசாக இருக்கும். போய்ப் பார்த்தால்தான் தெரியும். துணி அலமாரி அளவுக்கு ஓர் அறை, சுவரெல்லாம் பஞ்சு. சத்தம் வரும் என்று மின்விசிறி கிடையாது. வளையல் போடக்கூடாது, மொடமொடப்பான துணி உடுத்தக்கூடாது, வயிறு இரையக்கூடாது. வாய் உலர்ந்தால் நாக்கு ஒட்டுகிற சத்தம் மைக்கில் விழும் என்பதால் புளிப்பான பச்சை ஆப்பிள் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் கடித்துக்கொள்வாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பார். ஒரு மூச்சு தப்பினாலும் திரும்ப முதலிலிருந்து.

ஒரு நாவலில் முப்பது பேர் வருவார்கள். கேட்கிறவர்களுக்கு யார் பேசுவது என்று குழப்பம் வரக்கூடாது. அதற்கு ரேடியோ ஒரு வழி வைத்திருந்தாள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தெரிந்த ஆள் ஒருவரை மனதுக்குள் உட்கார வைத்துக்கொள்வாள். அந்த ஆளை நினைத்ததும் குரல் தானாக வந்துவிடுமாம். அப்படி எங்கள் குடும்பம் மொத்தமும் புத்தகங்களுக்குள் குடியேறிவிட்டது. என் வீட்டுக்காரர் நான்கு நாவல்களில் கோழைக் காதலன். நான் ஒரு துப்பறியும் கதையில் இன்ஸ்பெக்டர். ஆண் இன்ஸ்பெக்டர் என்பதை இங்கே சொல்லாமல் விட முடியவில்லை.

இதிலிருந்து வீட்டில் ஒரு விளையாட்டு உண்டானது. ஒரு புத்தகம் வெளிவருவதற்கு முன் கம்பெனி அவளுக்கு ஒரு பிரதி அனுப்பும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து கேட்போம். ஒவ்வொரு பாத்திரமும் வாயைத் திறந்ததும் அது யாருடைய குரல் என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்கப்பட்டவர் எழுந்து நின்று குனிந்து வணக்கம் போட வேண்டும். மற்றவர்கள் கை தட்டுவோம். என் மாமனார்தான் இந்த விளையாட்டுக்குத் தலைவர். சர்க்கரை வியாதியில் கண் மங்கிப்போய், எழுத்து தெரியாமல் போனதிலிருந்து மகளின் குரலில்தான் அவர் புத்தகமே படித்தார்.

மாமா குழாய் வேலை செய்தவர். பிளம்பர். ஊரில் அவருக்குச் 'சிரிப்பு பிளம்பர்' என்று பெயர். பேச்சுக்கு நடுவில் தலையை லேசாகத் தூக்கி, வாயை அகலமாகத் திறந்து 'ஹா' என்று ஒரு சிரிப்பு சிரிப்பார், பிறகு வாக்கியத்தை இழுத்து முடிப்பார். குளியலறைக் குழாய் உடைந்து வீடெல்லாம் தண்ணீராக நிற்கும்போதுகூட அந்தச் சிரிப்பைக் கேட்டால் வீட்டுக்காரர்களுக்குப் பாதி கவலை போய்விடும் என்பார்கள். என் வீட்டுக்காரருக்கும் அதே சிரிப்பு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் இவரிடம் விழுந்ததே அந்தச் சிரிப்பில்தான். எங்கள் வீட்டில் எல்லாரும் உதட்டைப் பிதுக்கிச் சிரிக்கிற ரகம். இவ்வளவு தாராளமாக ஒரு மனிதன் வாயைத் திறந்து சிரிப்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

இனி ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இவர்கள் அக்கரைக்காரர்கள். மாமாவின் பாட்டன் காலத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்து தங்கிவிட்டவர்கள். பேசுவது நம் பேச்சுதான், கொஞ்சம் இழுவை இருக்கும், அவ்வளவுதான். ஆனால் அக்கரைக்காரன் என்றால் கை நீளம் என்று ஊருக்கே ஒரு முடிவு. நான் இவரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னதும் என் அம்மா ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய் பீரோவைப் பூட்டினாள். மாப்பிள்ளை அப்போது எங்கள் வீட்டிலேயே இல்லை!

என் அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை என்று சிலர் சொல்வார்கள். குற்றம்தான். ஆனால் அவள் அதை எங்கே கற்றுக்கொண்டாள் என்பது எனக்குத் தெரியும். எல்லார் வீட்டு அலமாரியிலும் இருக்கிற ஒரு நாவல் உண்டு. பள்ளிக்கூடத்தில் அதில் ஒரு பகுதி பாடம். பெரியவர்கள் அதைப் படித்து அழுதிருக்கிறார்கள். நானும் அழுதேன். அருமையான கதை. அந்த வீட்டு நாய் நொண்டியானது எப்படி என்பதற்குக்கூட ஆசிரியர் அரைப் பக்கம் செலவழித்திருப்பார். அதில் கிணற்றுப் பம்பைச் சரி செய்ய ஓர் அக்கரைக்காரன் வருவான். கிணற்றுச் சுவர்மேல் கதாநாயகி கழற்றி வைத்த மோதிரம் காணாமல் போகும். அவன் கால்சட்டைப் பைகள் இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டுவான். ஒன்றும் இருக்காது. வீட்டுப் பெரியவர், "வாயைத் திற" என்பார். மோதிரம் நாக்கின்மேல் இருக்கும். அவன் ஏன் எடுத்தான், வீட்டில் யாருக்கு என்ன, ஒரு வரி கிடையாது. அக்கரைக்காரன், எடுத்தான். அவ்வளவுதான்.

அந்த ஒரு காட்சி ஊரின் பேச்சுக்குள்ளேயே புகுந்துவிட்டது. நான் சின்ன வயதில் பிஸ்கட் டப்பாவில் கை வைத்தால் அம்மா, "எங்கே, அக்கரையான் மாதிரி வாயைத் திற பாப்போம்" என்பாள். வேடிக்கையாகத்தான். நாங்களும் சிரித்துக்கொண்டே திறப்போம்.

அந்த நாவலை ஒலிப்புத்தகமாக்க ரேடியோவைக் கூப்பிட்டார்கள். அவள் துள்ளிக் குதித்தாள். அந்தத் தொழிலில் அது பெரிய மரியாதை. எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது.

"இதை நீதான் படிக்கணுமா?"

"கதைதானே அண்ணி. நான் எத்தனை கொலைகாரனுக்குக் குரல் குடுத்திருக்கேன். அக்கரைக்காரனா வந்துட்டா ஒதுக்கிடணுமா?"

நான் அடுப்படிக்குத் திரும்பிவிட்டேன்.

முதல் பாதி முடிந்த அன்று அவள் பறந்துகொண்டே வீட்டுக்கு வந்தாள். அக்கரையான் வருகிற இடத்தை முதலில் சினிமாவில் செய்கிற மாதிரி மூக்கால் செய்தாளாம். டைரக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். "இது கோமாளித்தனமா இருக்கும்மா. எனக்கு அசல் வேணும். அந்த ஆளுங்க எப்படிப் பேசுவாங்களோ அப்படியே வேணும்" என்றாராம். அவளும் அக்கரைதான் என்று அவருக்குத் தெரியாது. இவள் சொன்னதுமில்லை, அவர் கேட்டதுமில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை செய்தாள். ஒரே டேக். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் எழுந்து நின்று கை தட்டினார்.

"யாரை நினைச்சுப் பண்ணே?" என்று கேட்டேன்.

"யாரையும் இல்லை அண்ணி. அதுதான் அதிசயம். முதல் தடவையா யாரையும் நினைக்காமப் பண்ணேன். அதுவா வந்துச்சு."

கம்பெனி அனுப்பிய முதல் பாதியோடு ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் உட்கார்ந்தோம். மாமா சாய்வு நாற்காலியில். என் வீட்டுக்காரர் தரையில், கையில் மிக்சர் தட்டு. நான் சோபாவில் மடிக்க வேண்டிய துணிகளோடு. ரேடியோ போனை ஸ்பீக்கரில் இணைத்துவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆட்டம் பிரமாதமாகப் போயிற்று. கதாநாயகியின் பெரியம்மா பேசியதும் மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து வணக்கம் போட்டேன். ஊர் வக்கீல் எங்கள் எதிர்வீட்டு வாடகைக்காரர். அவர் இல்லாததால் என் வீட்டுக்காரர் அவருக்குப் பதிலாகத் தொப்பையைத் தள்ளிக்கொண்டு வணங்கினார். மாமா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

பம்பு ரிப்பேர் ஆகிற இடம் நெருங்கியதும் என் வீட்டுக்காரருக்கு முகம் மாறியது. "டீ போடலாமா? அப்புறம் கேட்டுக்கலாம்" என்று எழுந்தார்.

"உக்காருடா. கேப்போம்" என்றார் மாமா.

வாசல் கதவு திறக்கிறது. அக்கரையான் உள்ளே வருகிறான். "பம்புதானேங்க? பாத்துடலாம்..." என்று ஆரம்பித்து, நடுவில் 'ஹா' என்று ஒரு சிரிப்பு. பிறகு வாக்கியத்தை இழுத்து முடிக்கிறான்.

கூடத்தில் யார் முகத்திலும் ஈயாடவில்லை.

மடித்துக்கொண்டிருந்த துண்டு கையிலேயே நின்றுவிட்டது. அது மாமா மாதிரி இல்லை. மாமாவேதான். தொண்டையைச் செருமுவது, மூச்சை உள்ளே இழுப்பது, வாய் அகலமாகத் திறக்கும்போது கேட்கிற அந்தக் காற்று, எல்லாம். ரேடியோவைப் பார்த்தேன். அவள் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம்வரை அவளுக்கே அது தெரியாது. ஸ்டுடியோவில் ஹெட்போனில் கேட்டபோது அது வெறும் நல்ல டேக். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டதும்தான் அது யார் என்று அவளுக்கே தெரிந்தது.

நிறுத்தலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஸ்பீக்கர் அது பாட்டுக்குப் பேசிக்கொண்டே போயிற்று. மோதிரம் காணோம். பைகளை வெளியே இழுத்தான். வாயைத் திற.

மாமா மெல்லச் சொன்னார்: "இது நான்தானே?"

அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கண் சரியாகத் தெரியாத மனிதர், நாங்கள் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று ஒரு கணம் தடவிப் பார்த்துவிட்டு, எங்களை நோக்கிக் குனிந்து வணக்கம் போட்டார். ஆட்டத்தின் விதி அதுதான்.

இன்றைக்கு நினைத்தாலும் அந்த வணக்கம் என்னைத் தூங்க விடுவதில்லை.

"நல்லாப் பண்ணியிருக்கே" என்று மகளைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். அன்றிலிருந்து மாமா சிரிக்கவில்லை. கோபமில்லை, சாப்பிட்டார், மருந்து கேட்டு வாங்கிக்கொண்டார், குழந்தைகள் மாதிரி டீக்குச் சர்க்கரை போடச் சொல்லி என்னிடம் மல்லுக்கு நின்றார். ஆனால் பேச்சுக்கு நடுவில் அந்தச் சிரிப்பு வருகிற இடத்தில் ஒரு வெற்றிடம் வந்து நின்றது. அந்த இடம் வரும்போதெல்லாம் ரேடியோ தலையைக் குனிந்துகொள்வாள்.

புத்தகம் அடுத்த மாதம் வெளிவரப் போகிறது. ஆயிரக்கணக்கானவர்கள் பஸ்ஸிலும் அடுப்படியிலும் அப்பாவின் சிரிப்பைத் திருடனின் வாயிலிருந்து கேட்கப்போகிறார்கள். "அதுக்குள்ள அதை எடுத்தாகணும் அண்ணி. கூட வாங்க. எனக்குத் தனியாப் பேசத் தைரியம் இல்லை" என்றாள் அவள். இன்ஸ்பெக்டர் குரல் எதற்கு இருக்கிறது? புறப்பட்டுவிட்டேன்.

டைரக்டர் நல்ல மனிதர், அதுதான் கஷ்டம். எனக்கு நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். அந்த இடத்தை எடுத்துவிட வேண்டும் என்றதும் தன் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னம்மா இது? புத்தகத்துலேயே உயிரான இடம் அதுதான். அதைப் போய் அழிக்கச் சொல்றீங்களே?"

"அது எங்க அப்பா குரல் சார்."

அவர் சிரித்தார். "அப்பாவை வச்சா அக்கரையானைப் பண்ணீங்க? பாவம், அவர் கேட்டா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க அக்கரையா?"

"ஆமா சார்."

"பாத்தா தெரியவே இல்லையேம்மா!"

பரிசு கொடுக்கிற குரலில் அதைச் சொன்னார். எனக்கு ரத்தம் கொதித்தது. "தெரிஞ்சிருந்தா என்ன சார் பண்ணியிருப்பீங்க? உள்ள வரும்போதும் போகும்போதும் பையைப் பாத்திருப்பீங்களா?" என்று கேட்டேன்.

"ஐயையோ, நான் உங்க மாதிரி ஆளுங்களைச் சொல்லலைம்மா" என்றார். எங்களைச் சொல்லவில்லை என்றால் வேறு யாரைச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அக்கரைக்காரர் யாரைப் பார்த்தாலும் இதைத்தான் சொல்கிறார்கள். இல்லாத யாரோ ஒருவன்தான் அந்தத் திருடன்.

கடைசியில் அவர் இறங்கி வந்தார். "சரி, வேற குரல்ல பண்ணுங்க. ஆனா அந்த அக்கரை வாடை இருக்கணும். எழுதினவர் அப்படித்தான் எழுதியிருக்கார். அதை நான் மாத்த முடியாது."

ரேடியோ பஞ்சு அறைக்குள் போனாள். கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆப்பிளை ஒரு கடி கடித்தாள். ஆரம்பித்தாள். இரண்டு வரியில் நிறுத்தினாள். "இது எங்க சித்தப்பா" என்றாள். திரும்ப ஆரம்பித்தாள். "இது டீக்கடைக்காரர்." தண்ணீர் குடித்தாள். மூன்றாவது முறை குரலைச் சன்னமாக்கி இழுத்தாள். ஒரே வரிதான். ஹெட்போனைக் கழற்றிவிட்டாள். செத்துப்போன என் மாமியாரின் குரல் அது. எனக்கும் கேட்டது.

அவள் மைக்கிடம் சொன்னாள்: "சார், எனக்கு அக்கரைக்காரங்களை மொத்தமாத் தெரியாது. ஒவ்வொருத்தராத்தான் தெரியும்."

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, கதை சொல்கிற தன் சாதாரணக் குரலிலேயே அந்த இடத்தைப் படித்தாள். இழுவை இல்லை, சிரிப்பு இல்லை. ஒரு மனிதன் வந்தான், பம்பைப் பார்த்தான், பேசினான்.

டைரக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இப்ப அவன் திருடன்னே தெரியலையேம்மா."

"அடுத்த பக்கத்துல எழுதியிருக்கே சார், திருடினான்னு. அது போதாதா?"

மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். கேட்டார்கள். பதிவு முழுவதையும் அழித்துவிட்டு, நாவலை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். அடுத்து அவள் செய்வதாக இருந்த புத்தகமும் அதோடு போயிற்று. காரணம் எதுவும் சொல்லவில்லை, போனை எடுப்பதை மட்டும் நிறுத்தினார்கள். புதிதாக வாசித்தவர் அக்கரையானை மூக்கால் பேசி அசத்தியிருக்கிறாராம். நன்றாக விற்கிறதாம்.

வேலை போன துக்கத்தைவிட அவளுக்கு வேறொரு நிம்மதி இருந்தது. பதிவை அழித்த செய்தி வந்த அன்று சாயங்காலம் நேரே அப்பாவிடம் போய் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் வெங்காயம் உரித்தபடி வாசற்படியில் இருந்தேன்.

"அப்பா, உங்க குரல் அதுல இல்லை. எடுத்துட்டாங்க."

"எதுக்கும்மா? அதுக்காகவா வேலையை விட்டே?"

"உங்க சிரிப்பை நான் திருடனுக்குக் குடுத்துட்டேன்பா." சொல்லும்போதே உடைந்து அழுதாள்.

மாமா அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். "நீ எங்கே குடுத்தே? அது அவன்கிட்ட இருந்துதான் எனக்கு வந்துச்சு" என்றார்.

நான் கத்தியைக் கீழே வைத்தேன். "என்ன மாமா சொல்றீங்க?"

"நான் தொழிலுக்கு வந்த புதுசும்மா. மேஸ்திரி கூடப் போறேன். முதல் வீடு. பாத்ரூம்ல வாஷர் மாத்திட்டு வெளியே வரேன். அந்த வீட்டம்மா மோதிரத்தைக் காணோம்னாங்க. பையைக் காட்டினேன். அவங்க, 'வாயைத் திற'ன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியலை. பையைப் பாத்தாச்சு, வாயை எதுக்குத் திறக்கணும்? திறந்தேன். அந்தம்மா எட்டிப் பாத்தாங்க. நாக்கைத் தூக்கச் சொன்னாங்க. அப்புறம் மோதிரம் சோப்பு டப்பாவுல இருந்துச்சு."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

"வெளியே வந்து மேஸ்திரிகிட்ட கேட்டேன். 'நீ அந்தப் புஸ்தகம் படிச்சதில்லையா?'ன்னு சிரிச்சார். லைப்ரரியில வாங்கிப் படிச்சேன். அப்பத்தான் புரிஞ்சுச்சு. இனிமே நான் எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டுல இருக்கறவங்க அதைப் படிச்சிருப்பாங்க. நான் வர்றதுக்கு முன்னாடியே அவன் வந்து உக்காந்திருப்பான்." மாமா கையை விரித்தார். "அடுத்த வீட்டுல இருந்து நானே முந்திக்கிட்டேன். உள்ளே போனதும் சட்டைப் பையில இருக்கறதை எல்லாம் மேஜை மேல வச்சிடுவேன். கிளம்பும்போது அவங்க கண்ணு முன்னாடி எடுத்துக்குவேன். வாயை மட்டும் எப்படிக் காட்டறது? அதான், சிரிக்க ஆரம்பிச்சேன். நல்லா மேலே பாத்து, நாக்கு தெரியற மாதிரி. கேட்டுத் திறந்தா அவமானம்மா. சிரிச்சுத் திறந்தா யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

ரேடியோ வாயைப் பொத்திக்கொண்டாள். தலையைத் தூக்குகிற அந்த அழகு, பாதி வாக்கியத்தில் வருகிற அந்தச் சிரிப்பு, ஊரே 'அக்கரைக்காரங்களுக்கு எப்பப் பாத்தாலும் சிரிப்புதான்' என்று மெச்சுகிற அது, மடியில் கனமில்லை என்று காட்டுகிற வேலையாகவா இத்தனை வருஷம் இருந்தது? அந்தப் புத்தகத்துக்குப் பயந்து ஒரு பையன் கற்றுக்கொண்ட சிரிப்பை எடுத்து, அதே புத்தகத்துக்குள் வைத்து, டைரக்டர் 'அசல்' என்று கை தட்டியிருக்கிறார். என் அம்மா விளையாட்டாக எங்களை வாய் திறக்கச் சொன்ன அதே காலத்தில், எங்கேயோ ஒரு வீட்டுக் கூடத்தில் இந்த மனிதர் சிரித்துச் சிரித்து வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"இவருக்கு?" என்றேன். "உங்க மகனுக்கு நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?"

"அவனுக்கு எதுக்கு? அவன் என்னைப் பாத்துத் தானாப் பழகிட்டான். அவனுக்குக் காரணம் தெரியாது. சொல்லிடாதேம்மா."

நான் எந்தச் சிரிப்பில் விழுந்தேன் என்று எனக்கு அன்று தெரிந்தது. வெங்காயத்தின்மேல் பழி போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ரேடியோதான் கேட்டாள், சின்னக் குழந்தை கேட்கிற மாதிரி: "அதுக்கு முன்னாடி எப்படிப்பா சிரிப்பீங்க?"

மாமா அவளைப் பார்த்தார். அல்லது அவள் இருந்த பக்கத்தைப் பார்த்தார். யோசித்தார். உதட்டை மூடி எதையோ செய்து பார்த்தார், சரியாக வரவில்லை. இன்னொரு விதமாக முயன்றார். கன்னம் லேசாகத் துடித்தது, அவ்வளவுதான். நாங்கள் இருவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஞாபகம் இல்லையேம்மா" என்றார். சொல்லிவிட்டு, இத்தனை நாளுக்குப் பிறகு முதல் முறையாக, தலையைத் தூக்கி 'ஹா' என்று சிரித்தார். வாய் முழுவதும் திறந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.